ஒரு கிள்ளு மாவு

மாஸ்டர் ரொட்டியை விட்டுவிட்டார் என்ற செய்தி அவர் வீட்டுக்குள்ளேயே சரியாகப் பரவுவதற்கு முன்னால் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது வேறு யாருமில்லை, எதிர்க்கடைத் தையல்காரர்தான். தைக்கிற துணியைவிட அவர் வெட்டுகிற பேச்சுதான் அதிகம்.

"சங்கதி தெரியுமா? நம்ம மாஸ்டர் இனிமே அடுப்புல வெந்தது எதையும் தொட மாட்டாராம். கேரட்டு, வெள்ளரிக்கா, முட்டைக்கோசு, முளைச்ச பயறு, அம்புட்டுதான். சுட்டவனே சாப்பிடாத ரொட்டிய நாம மட்டும் சாப்பிடணுமாம்!"

பேக்கரி வாசலில் நாலு பேர் நிற்கும்போது, அவர்கள் காதில் விழுகிற மாதிரியே இதைச் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் மனைவிக்கும் கேட்டது. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ரொட்டியக்காதான். இருபத்து நாலு வருஷமாக அந்தக் கல்லாவில் உட்கார்ந்து வாயால் பிழைத்தவள். சும்மா விடுவாளா?

"ஏண்ணே, நீங்க தைக்கிற கவுனை எல்லாம் நீங்க ஒரு தடவை போட்டுப் பாத்துட்டா குடுக்கிறீங்க?"

நாலு பேரும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்துவிட்டு மிஷினை மிதித்தார். ரொட்டியக்கா மட்டும் சிரிக்கவில்லை. நாலு பேருக்கும் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பின்கட்டை எட்டிப் பார்த்தாள். மாஸ்டர் மாவுத் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். வலது காலில் செருப்புக்குப் பதிலாகத் துணிக்கட்டு.

எல்லாம் அந்தக் காலில் வந்த வினை. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் சூடான இரும்புத் தட்டு ஒன்று நழுவி அவருடைய வலது கால் இரண்டாம் விரலில் விழுந்தது. விரல் பொசுங்கியது. "எனக்கு வலிக்கவே இல்ல பாரு" என்று மாஸ்டர் தம்பியிடம் மார்தட்டிக்கொண்டார். வலிக்காததுதான் வியாதி என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் வாயை மூடினார். சுகர் முந்நூறுக்குப் பக்கத்தில் நின்றது. புண் ஆறவில்லை.

"மூணு மாசம் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "மருந்து, கட்டு எல்லாம் நான் பாத்துக்கறேன். சுகரை நீங்க இறக்குங்க. இறங்கினா விரல் நிக்கும். இல்லேன்னா எடுக்கணும். விரலோட போனா அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கணும்."

ரொட்டி அடிக்கிறவன் காலில் நிற்கிறவன். காலையில் ஐந்து மணி நேரம், மத்தியானத்துக்கு மேல் ஆறு மணி நேரம் அவருக்கு நின்றபடிதான் வேலை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரொட்டியக்கா பேசவே இல்லை. அவள் பேசாமல் வந்ததைப் பார்த்துத்தான் மாஸ்டருக்குப் பயமே வந்தது.

பச்சை உணவு யோசனை தபால்காரரிடமிருந்து வந்தது. தினம் இரண்டு பன் வாங்குகிற மனிதர் திடீரென்று வாங்குவதை நிறுத்தினார். ரொட்டியக்கா காரணம் கேட்டதற்கு, ஒரு மாசமாகச் சமைக்காததைத்தான் சாப்பிடுகிறேன், உடம்பு இறகு மாதிரி இருக்கிறது என்றார். மாஸ்டர் பின்கட்டிலிருந்து மாவுக் கையோடு வந்து நின்று முழுக்கதையையும் கேட்டார். மறுநாளே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னார்.

"பச்சையா சாப்பிட்டாத்தான் குணமாகும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "அளவா சமைச்சதே போதும். ஆனா நீங்க அளவா சாப்பிடற ஆளாத் தெரியல."

"அதான் டாக்டர் விஷயம். கொஞ்சம் தொடலாம்னா நான் முழுசாத் தொட்டுடுவேன். வெந்ததத் தொடக் கூடாதுன்னா ஒரே கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் போக மாட்டேன்."

"சரி. மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. தலை சுத்தினா உடனே வரணும். வாரா வாரம் ரத்தம் பாக்கணும். சம்மதமா?"

"சம்மதம்" என்று ரொட்டியக்கா முந்திக்கொண்டு சொன்னாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கத்திக்கு ஓய்வில்லாமல் போனது. காலையில் ரொட்டி விற்ற கையோடு ரொட்டியக்கா சந்தைக்குப் போவாள். முற்றாத வெள்ளரி, கொழுந்தாக முட்டைக்கோஸ், தோல் சுருங்காத கேரட், தக்காளி, ஒரு கட்டுக் கீரை. முதல் நாள் ஊறவைத்த பயறு துணி மூட்டைக்குள் வால் விட்டிருக்கும். கழுவி, அரிந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஊறவைத்த வேர்க்கடலையைத் தூவி ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கொண்டுபோய் வைப்பாள். மாஸ்டர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அதைத் தின்பார். முதல் வாரம் தின்னவே முக்கால் மணி நேரம் ஆனது. தாடை வலி கண்டது.

"அண்ணி, மாவு மிஷின் ஓடுது. அதையும் மீறி அண்ணன் மெல்லுற சத்தம் கேக்குது" என்பான் கொழுந்தன். மாஸ்டரின் தம்பியான அவன்தான் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன்.

"நீ உன் அடுப்பைப் பாருடா" என்பார் மாஸ்டர், வாய் நிறைய முட்டைக்கோஸோடு.

சொல்லும்படியாக இருந்தது அந்த மனிதருடைய வைராக்கியம். நாலாம் நாள் தலைவலி வந்தது. ஆறாம் நாள் வயிறு உப்பி, விடிகிற வரைக்கும் புரண்டார். அந்த நிலையிலும், சாயங்காலம் அடுப்பைத் திறந்து நூற்றைம்பது ரொட்டி ஒன்றாக வெளியே வரும்போது, அந்த வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு அவரால் வெள்ளரிக்காயைக் கடிக்க முடிந்தது. ரொட்டியக்காவுக்குத்தான் முடியவில்லை. அவர் எதிரில் ரொட்டியைப் பிய்த்துத் தின்பது திருட்டுத்தனமாகப் பட்டது. பத்தாம் நாளிலிருந்து ஒரு வேளை தானும் அந்தக் கிண்ணத்திலேயே கைவைத்தாள். இடுப்பு வலி குறைந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

சுகர் இறங்கியது. முதல் வாரம் இருநூற்று நாற்பது. அடுத்து இருநூற்றுப் பத்து. மூன்றாவது வாரம் நூற்றுத் தொண்ணூறு. மாஸ்டர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் எடுத்துக் காட்டினார். தையல்காரருக்கு இரண்டு தடவை காட்டினார்.

அதோடு நின்றது. நாலாவது வாரமும் நூற்றுத் தொண்ணூறு, ஐந்தாவது வாரம் நூற்றுத் தொண்ணூற்றைந்து. புண்ணின் ஓரம் காய்ந்தது, நடுவில் ஈரம் அப்படியே இருந்தது. ஏழாவது வாரம் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்ற சாப்பாட்டுக்கு இந்தக் கணக்கு வராது. இடையில ஏதாவது உள்ள போகுதா? ஒரு பன், டீயில சர்க்கரை?"

மாஸ்டரின் முகம் செத்துப்போய்விட்டது. எழுந்து வெளியே வந்து, கட்டுப் போட்ட காலோடு மனைவியை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார். ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஏங்க, நில்லுங்க! டாக்டர்னா கேக்கத்தான் செய்வாங்க."

"நீ நம்புறியா?"

"எதை?"

"நான் ஒளிச்சுத் திங்கிறேன்னு."

"சேச்சே!" என்றாள் ரொட்டியக்கா. ஆனால் அந்தச் சேச்சேவுக்குள் ஒரு முள் இருந்தது. வாய் சொன்னதே தவிர மனசு சொல்லவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது வயது ஆண்பிள்ளை ஒருவன் எதை எங்கே ஒளிப்பான் என்று கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா? மறுநாள் அவருடைய சட்டைப் பைகளைத் துழாவினாள். மாவு மூட்டைகளுக்கு இடையில் கை விட்டுப் பார்த்தாள். தையல்காரரிடம் போய், அவர் அங்கே டீ குடிக்கிறாரா என்று கேட்டாள்.

"எங்க குடிக்கிறாரு? நான் குடிக்கிறப்போ எதிர்ல உக்காந்து பச்சைக் கேரட்டைக் கடிக்கிறாரு. எனக்குத்தான் டீ இறங்க மாட்டேங்குது" என்றார் தையல்காரர். கிண்டல் இல்லாமல் அவர் பேசி அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்குக் கடை வாசல் கம்பிக் கதவைச் சாத்திவிட்டு, பின்கட்டில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கல்லாவுக்கும் மாவுத் தொட்டிக்கும் நடுவே பதினைந்து அடிதான். இருந்தும் இத்தனை வருஷத்தில் அவள் மாவு பிசைகிறதை உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. அது அவர் இடம், கல்லா இவள் இடம்.

தம்பி மாவைக் கொட்டினான். மாஸ்டர் ஈஸ்ட் கரைத்த தண்ணீரை ஊற்றினார், பிடிக் கணக்கில் உப்பைப் போட்டார். மிஷின் சுற்றியது. நிறுத்தி ஒரு கிள்ளு மாவை எடுத்து வாயில் போட்டார். முன்பல்லால் கடித்து, நாக்கில் புரட்டி, விழுங்கினார். கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். மறுபடி சுற்றல், மறுபடி ஒரு கிள்ளு. ஈரத்துணி போட்டு மூடினார். பக்கத்தில் இனிப்பு பன்னுக்கான மாவு. அதில் ஒரு கிள்ளு, சர்க்கரை போதவில்லையென்று போட்டுவிட்டு இன்னொரு கிள்ளு. முதல் மாவு உப்பி வந்ததும் புளிப்பு ஏறிவிட்டதா என்று ஒரு கிள்ளு.

"என்னங்க, வாயில என்ன?"

"எங்க?"

"இப்ப போட்டீங்களே!"

மாஸ்டர் தன் விரலைப் பார்த்தார். அது யாருடைய விரலோ என்பது போலப் பார்த்தார்.

"பதம் பாத்தேன்" என்றார்.

"முழுங்கினீங்க."

"பதம் பாத்தா முழுங்காம? தொண்டையில இறங்கினாத்தான் உப்பு தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, சந்தோஷமாகவே சொன்னார்: "அதுவும் இது வேகாததுதானே!"

கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தார் மனுஷன். ரொட்டியைத் தொடவில்லை, பன்னைத் தொடவில்லை, பச்சை மாவை மட்டும் நாள் முழுக்க விழுங்கிக்கொண்டிருந்தார். ரொட்டியக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு பித்தளைக் கிண்ணத்தை எடுத்து வந்து தொட்டி ஓரத்தில் டங்கென்று வைத்தாள்.

"நாளைக்குப் பூரா, வாயில போடுற ஒவ்வொரு கிள்ளையும் இதுல போடுங்க. என்ன சேருதுன்னு பாப்போம்."

"மூணு உருண்டை சேரும். அதுக்கு இந்த ஆர்ப்பாட்டமா?"

மறுநாள் அவள் முக்காலியை விட்டு நகரவில்லை. அவர் கை வாய்க்குப் போகும்போதெல்லாம் "ம்ம்" என்றாள். கை பாதி வழியில் நின்று கிண்ணத்துக்குத் திரும்பியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, அடுப்புச் சூட்டில் அந்தக் கிண்ணத்து மாவு உப்பிப் பொங்கி, விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. கொழுந்தன் எடுத்துத் தராசில் வைத்தான்.

"அண்ணே, நாலு பன்!" என்றான்.

மாஸ்டர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் பொய் சொல்லலியே" என்றார் மெதுவாக. "டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லல."

"இல்லீங்க. நான்தான் உங்க சட்டையத் துழாவினேன்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அந்த முள் வெளியே வந்தது.

இப்போது சிக்கல் வேறு மாதிரி ஆனது. பதம் பார்க்காமல் ரொட்டி எப்படிப் போடுவது? எடை போட்டு உப்புப் போடலாம். ஆனால் ஒரு மூட்டை மாவு ஈரமாக வரும், ஒன்று காய்ந்து வரும். வெயில் நாளில் புளிப்பு சீக்கிரம் ஏறும், மழை நாளில் தூங்கும். அது தராசுக்குத் தெரியாது.

"துப்பிடேன் அண்ணே" என்றான் தம்பி.

"மாவுத் தொட்டிகிட்ட நின்னு துப்புறதா? இன்னொரு தரம் சொன்னே, அறைஞ்சிடுவேன்."

"அப்ப நான் பாக்கிறேன்."

"உன் நாக்கு பீடி குடிச்சுச் செத்த நாக்கு. உனக்கு உப்பும் ஒண்ணுதான் சுண்ணாம்பும் ஒண்ணுதான்."

"நான் பாக்கட்டுங்களா?" என்றாள் ரொட்டியக்கா.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். "நீ விக்கிறவ."

"இருபத்து நாலு வருஷமா வித்திருக்கேன். உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் குறைஞ்சாலும் என்கிட்டதான் வந்து சொல்லுவாங்க. எந்த நாள் ரொட்டி எப்படி இருந்துச்சுன்னு உங்களவிட எனக்குத் தெரியும்."

மறுநாள் முதல் இரண்டு மணிக்கு அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் கிள்ளிக் கொடுப்பார், இவள் வாயில் போடுவாள். "முதல்ல கடிக்காத. நாக்கு ஓரத்துல வை. புளிக்குதா? இப்ப நடுவுல வை. இப்ப முழுங்கு. தொண்டையில என்ன சொல்லுது?" முதல் மூன்று நாள் தொண்டை ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் உப்பு குறைகிறது என்றாள். போட்டார். அன்றைய ரொட்டி வாயில் வைக்க விளங்கவில்லை. பதினோரு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அத்தனை பேருக்கும் கல்லாவில் நின்று பதில் சொன்னாள். தையல்காரர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "அக்கா, இத அப்படியே ஊறுகாய் ஜாடியில போட்டு வைக்கலாம்" என்றார்.

அவமானம் பிடுங்கித் தின்றது. இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று இருந்தாள். மறுநாள் இரண்டு மணிக்கு மாஸ்டரே கல்லாவுக்கு வந்தார்.

"என்ன உக்காந்துட்ட? மாவு காத்துக்கிட்டிருக்கு. நான் கத்துக்கிட்டப்போ ஒரு மாசம் உப்புக்கண்டம்தான் போட்டேன். எழுந்திரு."

அந்த இரண்டே வாரத்தில் சுகர் நூற்று ஐம்பதுக்கு வந்தது. டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஆனால் புண்ணின் நடுவில் இன்னும் கொட்டைப் பாக்கு அளவு ஈரம். மூன்று மாதக் கெடு முடிய இன்னும் பத்து நாள்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டி வந்தது. அறுநூறு பன் கேட்டிருந்தார்கள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மாவு. தொட்டி நிறைந்து, மிஷின் முனகியது. மாஸ்டர் தன் கையால் கணக்குப் போட்டு ஏழு பிடி உப்புப் போட்டார். தம்பி கூடவே நின்று எண்ணினான். மாவு வழவழவென்று திரண்டு வந்தது. கிள்ளி அவளிடம் கொடுத்தார்.

அவள் நாக்கு ஓரத்தில் வைத்தாள், நடுவில் வைத்தாள், விழுங்கினாள்.

"உப்பு குறையுது."

"ஏழு பிடி போட்டேன்."

"இன்னொண்ணு குடுங்க." மறுபடியும் விழுங்கினாள். "ஒரு பிடி குறையுதுங்க."

"அண்ணி, நான் எண்ணினேன். ஏழு. அன்னிக்கு மாதிரி ஆயிடப் போகுது. அறுநூறு பிள்ளைங்க அண்ணி!" என்றான் கொழுந்தன். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினான். "இன்னிக்கு ஒரு நாள் நீயே ஒரு கிள்ளு பாத்துடு. ஒரே ஒரு கிள்ளு. அதுல என்ன ஏறிடப் போகுது?"

மாஸ்டர் கிள்ளினார். விரல் நுனியில் உருட்டினார். மூக்கருகில் கொண்டுபோனார். ரொட்டியக்காவுக்கு, போட்டுக்கோங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. அறுநூறு பன்னும் கெட்டுப்போனால் பழி இந்த நாக்குக்கு, இருபத்து நாலு வருஷப் பேரும் சேர்ந்து போகும். ஒரு கிள்ளில் விரல் போய்விடாதுதான். ஆனால் இன்று ஒன்று என்றால் நாளைக்கு நாலு பன். அவர் கோடு அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்தார்.

"நீ சொல்லு. குறையுதா?"

"குறையுது."

கிள்ளிய மாவைத் தொட்டியிலேயே போட்டார். உப்பு ஜாடிக்குள் கையை விட்டு, பிடி நிறைய அள்ளி, கண்ணை மூடாமல் போட்டார். "சுத்துடா மிஷினை" என்றார்.

மாவு உப்புகிற அந்த ஒரு மணி நேரம் ரொட்டியக்கா கல்லாவுக்கும் போகவில்லை, பின்கட்டிலும் நிற்கவில்லை, நடுவிலேயே நடந்தாள். வெட்டி, உருட்டி, தட்டுகளில் அடுக்கி, நீளக் காம்புத் துடுப்பால் உள்ளே தள்ளினார்கள். முதல் தட்டு பொன்னிறமாக வெளியே வந்தது. கொழுந்தன் சூட்டோடு ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டான். எதிர்க்கடைக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தையல்காரர் பொறுமையாகத் தின்றுமுடித்து, கையைத் தட்டிவிட்டு, தெருவுக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"எப்பவும் போலத்தான் இருக்கு. இதுக்கு எதுக்குடா இந்த ஓட்டம்?"

எப்பவும் போல! மாஸ்டர் ரொட்டிக்கு அந்தத் தெருவில் அதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. ரொட்டியக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அடுப்புச் சூடு என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. அது கல்யாணத்தில் வரவில்லை, பிள்ளை பெற்றபோதுகூட இந்த மாதிரி வரவில்லை.

திரும்பி வந்த கொழுந்தன், கடைசித் தட்டைத் தள்ளும்போது தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, மாவு தளர்வா இருக்குன்னு நடுவுல நாந்தானே இன்னும் ரெண்டு படி மாவு கொட்டினேன்! நீ உப்பு போட்டதுக்கு அப்புறம்!"

"அது எனக்குத் தெரியாது, உனக்கு நினைப்பில்ல" என்றார் மாஸ்டர். "அவ நாக்குக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

கெடு முடிந்த அன்று காலை டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். விளக்கைப் பக்கத்தில் இழுத்து, விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஈரம் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். ஊசியால் லேசாகத் தொட்டார். "ஆ" என்றார் மாஸ்டர்.

"வலிக்குதா?"

"வலிக்குது டாக்டர்!" என்றார், பரிசு வாங்கின குழந்தை மாதிரி.

"விரல் உங்களுதுதான். எடுத்துக்கிட்டுப் போங்க." டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு. "இனி இவ்வளவு கடுமை வேணாம். பச்சைக் காய் பாதி, சமைச்சது பாதின்னு மெல்ல மாத்திக்கலாம். தினம் ஒரு துண்டு ரொட்டி கூடச் சாப்பிடலாம். சரி, ஒண்ணு கேக்கறேன். நாளெல்லாம் மாவுக்குள்ளயே நிக்கிறவர், எப்படி நாக்கைக் கட்டினீங்க?"

"நான் எங்க கட்டினேன்? இங்க குடுத்து வச்சிருக்கேன்" என்று மாஸ்டர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "எங்க பேக்கரிக்கு இனிமே பதம் பாக்கிறது இவங்கதான். மாஸ்டர்னு கூப்பிடறதுன்னா இவங்களத்தான் கூப்பிடணும்."

இத்தனை வருஷத்தில் அவர் அவளை 'இவங்க' என்று சொன்னதில்லை. தெருவுக்கே பதில் சொல்லுகிறவள் மடியில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சீக்கிரம் எழுதிக் குடுங்க டாக்டர். ரெண்டு மணிக்கு எனக்கு மாவு பாக்கணும்."